ஆயிரம் இதயங்களின் கணக்கு

மோட் அபட்டின் பெயரில் அச்சேறியவை 140க்கு மேல். பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் இதய நோய் ஆய்வாளர் ஒருவருடையது என்றே தோன்றாது. ஈரலில் இரும்பு படிந்து தோல் கறுக்கும் நோய் பற்றி ஒன்று. அருங்காட்சியகக் குடுவைகளை எந்த முறைப்படி எண்ணிட்டு அடுக்குவது என்று ஒன்று. செவிலியர் தொழிலின் வரலாறு, கியூபெக் மாகாண மருத்துவத்தின் வரலாறு, ஆசிரியர் ஒருவருக்கு நினைவு மலர். இவற்றுக்கு நடுநடுவே, சொல்லாமல் கொள்ளாமல், பிறவி இதயக் குறைகள். இன்றைய பதவி உயர்வுக் குழு ஒன்றின் மேசையில் இதை வைத்தால், ‘கவனம் சிதறியவர்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு விழுந்தாலும் வியப்பில்லை.

சிதறல் மேற்பார்வைக்குத்தான். உள்ளே ஓர் இழை அறாமல் ஓடுகிறது. இந்தப் பெண்மணி கையில் எது கிடைத்தாலும் எண்ணினார். எண்ணியதை வகை பிரித்தார். வகை பிரித்ததைப் பிறர் எடுத்தாளும்படி கட்டம் போட்டு அச்சிட்டார். குமாஸ்தா வேலை என்று யாரும் ஒதுக்கிவிடக்கூடிய வேலை. குழந்தையின் நெஞ்சைத் திறக்கலாமா என்று அறுவை மருத்துவர்கள் தயங்கி நின்றபோது எடுத்துப் பார்த்தது அந்தக் கட்டங்களைத்தான்.

1860களின் இறுதியில் கியூபெக்கின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஈஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தபோது அவர் மோட் பாபின். அப்பா குடும்பத்தை விட்டுப் போனார். குழந்தைக்கு ஏழு மாதமானபோது அம்மா காசநோயில் இறந்தார். தாய்வழிப் பாட்டி இரண்டு பேத்திகளையும் எடுத்து வளர்த்துத் தன் குடும்பப் பெயரையே கொடுத்தார். கட்டுரைகளின் தலைப்பில் நிற்கும் ‘அபட்’ பாட்டி வீட்டுப் பெயர். 1890இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கத்தோடு கலைப் பட்டம் வாங்கினார். அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் பெண்களைச் சேர்க்க முடியாது என்று கதவைச் சாத்தியது. அதே ஊரில் இயங்கிய பிஷப்ஸ் கல்லூரியின் மருத்துவப் பிரிவு சேர்த்துக்கொண்டது. 1894இல் வகுப்பின் ஒரே பெண்ணாகப் பரிசுகளோடு தேறினார். அந்தப் பிரிவு சில ஆண்டுகளில் மெக்கிலோடேயே இணைந்துபோனது வேறு கதை.

சூரிக், வியன்னா என்று ஐரோப்பாவில் மூன்றாண்டு படித்துவிட்டு 1897இல் திரும்பினார். ராயல் விக்டோரியா மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது ஏட்டைப் புரட்டும் பணி. இதயத்தில் கேட்கும் ‘முணுமுணுப்பு’ ஒலிகளில் உறுப்புக் கோளாறு எதுவும் இல்லாமலே கேட்பவை உண்டு. அப்படிப்பட்ட நோயாளிகள் 466 பேரின் பதிவுகளை எடுத்து எண்ணிக் கட்டுரை எழுதினார். மான்ட்ரியல் மருத்துவர் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் வேறொருவர் எழுந்து அதைப் படித்தார். கட்டுரை நன்றாக இருந்தது. சங்கம் விதியை மாற்றிக்கொண்டு அவரை உறுப்பினராக்கியது. பின்னாளில் வந்த எல்லாவற்றுக்கும் இந்த 466 முன்னோடி என்று நினைக்கிறேன். ஒரு நோயாளியை விவரிப்பது அன்றைய மருத்துவ எழுத்தின் வழக்கம். நூற்றுக்கணக்கானவர்களை ஒரே கட்டத்துக்குள் நிறுத்தி ஒப்பிடுவது அவருடைய வழக்கமானது.

1898இல் மெக்கில் மருத்துவ அருங்காட்சியகத்தில் துணைக் காப்பாளர் வேலை வந்தது. படிக்க இடம் தராத அதே இடம், படிந்த தூசியைத் தட்ட அழைத்தது என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம், பொய்யாக இராது. உள்ளே குடுவை குடுவையாக உறுப்புகள், பலவற்றுக்குச் சரியான விவரமே கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் மற்ற அருங்காட்சியகங்களைப் பார்க்கக் கிளம்பியவர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஆஸ்லரைச் சந்தித்தார். ஆஸ்லர் மெக்கிலில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். அந்தக் குடுவைகளில் பல, அவர் மான்ட்ரியலில் செய்த பிரேதப் பரிசோதனைகளிலிருந்து வந்தவை. உனக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு தெரியுமா என்கிற பொருள்பட அவர் பேசியது அபட்டுக்குக் கடைசிவரை நினைவிருந்தது.

அடுக்கிக்கொண்டே போனபோது ஒரு குடுவையில் கை நின்றது. உள்ளே ஒரு வினோத இதயம்.

நம் இதயத்துக்கு நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. அசுத்த இரத்தம் வலப்பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகிறது. சுத்த இரத்தம் இடப்பக்கம் வந்து உடம்புக்குப் போகிறது. இரண்டும் கலவாமல் நடுவே சுவர். குடுவையில் இருந்த இதயத்தில் மேலறைகள் இரண்டும் ஒரே பெரிய கீழறைக்குள் திறந்தன. வலது கீழறை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மூலையில் ஒட்டினாற்போல் சிறு பொந்து. நுரையீரலுக்குப் போகும் தமனி அதிலிருந்து கிளம்பியது. கலங்கிய இரத்தமே உடம்பெங்கும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அளவைப் பார்த்தால் அது குழந்தையின் இதயம் அல்ல, வளர்ந்தவருடையது. இப்படியோர் இதயத்தோடு ஒருவர் எப்படி வளர்ந்து ஆளானார்?

குடுவையில் பதில் இல்லை. அபட் ஆஸ்லருக்கு எழுதிக் கேட்டார். பதிலில் துப்பு கிடைத்தது: அந்த இதயத்தைப் பற்றி ஆண்ட்ரூ ஹோம்ஸ் என்பவர் 1824இலேயே எடின்பரோ மருத்துவச் சங்க ஏட்டில் எழுதியிருந்தார். ஹோம்ஸ் மெக்கில் மருத்துவப் புலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் அதன் முதல் தலைவர். இதயத்துக்குரியவர் இருபதைத் தாண்டி வாழ்ந்த இளைஞர். முக்கால் நூற்றாண்டாகப் பொருள் ஒரு கண்டத்திலும் அதைப் பற்றிய எழுத்து இன்னொரு கண்டத்திலும் கிடந்தன. அபட் இரண்டையும் சேர்த்து 1901இல் மான்ட்ரியல் மருத்துவ இதழில் மறுபடி வெளியிட்டார். இன்று உலகெங்கும் இதய மருத்துவர்கள் இந்த அமைப்பை ‘ஹோம்ஸ் இதயம்’ என்றே சொல்கிறார்கள். பெயரில் அபட் இல்லை. அந்த ஆண்டே அவர் காப்பாளராக உயர்ந்தார்.

நூலகத்தில் பழைய ஏடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த இடம் புரியும். தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று, கிடைத்ததே வாழ்க்கையாகிப் போனது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஹோம்ஸ் இதயத்தை விளக்க மற்ற இதயங்கள் வேண்டியிருந்தன; அவற்றை விளக்க இன்னும் பல.

ஆஸ்லர் பல தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘மாடர்ன் மெடிசின்’ நூலுக்குப் பிறவி இதய நோய் பற்றிய அத்தியாயத்தை அபட் எழுதட்டும் என்று கேட்டார். பெரும் பேராசிரியர்கள் அணிவகுத்த நூல் அது. அபட் அன்று பேராசிரியர் அல்ல, விரிவுரையாளர்கூட அல்ல, அருங்காட்சியகக் காப்பாளர். 1908இல் வெளிவந்த அந்த அத்தியாயத்தில் 412 இதயங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பிரேதப் பரிசோதனையில் உறுதியானது. சில அவருடைய சொந்த அலமாரியிலிருந்து. பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய இதழ்களில் தனித்தனியே கிடந்த அறிக்கைகளிலிருந்து. ஒருவர் ஒரு குறையை விவரித்திருப்பார், இன்னொருவர் அதையே வேறு பெயரில் எழுதியிருப்பார். இவை எல்லாவற்றையும் படித்து, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, முதன்மையான குறை எது, கூட வந்த குறைகள் எவை, நீலம் பாரித்ததா, எந்த வயதில் இறந்தார், எதனால் இறந்தார் என்று கட்டங்களில் நிரப்பினார். எழுத்தைப் பார்த்த ஆஸ்லர், இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் வந்தவற்றிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று கடிதம் போட்டார்.

பதிப்புக்குப் பதிப்பு எண்ணிக்கை ஏறியது. 1936இல் ‘பிறவி இதய நோய் வரைபடத் தொகுப்பு’ அமெரிக்க இதயச் சங்கத்தின் வெளியீடாக வந்தபோது அது 1,000. வழக்கமான பாடநூல் கனம் அதற்கில்லை. மொத்தம் 25 படத்தட்டுகள். ஒரு பக்கம் விளக்கம், எதிர்ப்பக்கம் நிறையப் படங்கள். வெட்டித் திறந்த இதயத்தின் வரைபடமும் ஊடுகதிர்ப் படமும் மின்னலைக் கோடுகளும் ஒரே பார்வையில் விழும். இறந்தவரின் இதயத்தில் கண்ட சுவர்த் துளை, உயிரோடிருந்தபோது எந்த நிழலாகத் தெரிந்தது என்று கண் தானாகக் கோடு இழுத்துக்கொள்ளும். மருத்துவ மாநாடுகளில் பலகை பலகையாக அவர் காட்சிக்கு வைத்ததன் அச்சு வடிவம் இது. படிப்பவரின் கையில் ஓர் அருங்காட்சியகத்தையே கொடுப்பதுதான் நோக்கம்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போவது சரியல்ல. ஆயிரமும் இறந்தவர்களின் இதயங்கள். அதிலும் யாரோ ஒரு மருத்துவர் வினோதம் என்று கருதி எடுத்து வைத்தவை அல்லது எழுதி வைத்தவை. இடைச்சுவரில் சிறு துளையோடு பிறந்து, அந்தத் துளை தானாக அடைந்து, பேரன் பேத்தி எடுத்து முடிந்துபோனவரின் இதயம் எந்தக் குடுவைக்கும் வராது. அரிய குறை அடிக்கடி வரும், சாதாரணக் குறை அரிதாக வரும். இன்று பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது என்று தெரியும்; அப்படியொரு எண் அபட்டின் ஆயிரத்திலிருந்து கிடைக்காது. அவருடைய அட்டவணை சொன்னது, எது எவ்வளவு பேருக்கு வரும் என்பதை அல்ல. எது வந்தால் எப்படிக் கொல்லும் என்பதை.

அதுதான் அறுவை மருத்துவர்களுக்குத் தேவைப்பட்டது.

கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்குப் போகிற தமனியிலிருந்து பெருந்தமனிக்கு ஒரு குறுக்கு வழி இருக்கும். டக்டஸ் என்பார்கள் மருத்துவர்கள். பிறந்து சில நாளில் அது தானே மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாது. பெருந்தமனியின் அழுத்தத்தில் இரத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். 1930களில் கேள்வி இதுதான்: ஓடியாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் மார்பைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டுவது நியாயமா? குழந்தை மேசையிலேயே இறந்தால்? சும்மா விட்டிருந்தால் எத்தனை ஆண்டு இருந்திருக்கும் என்று தெரியாமல் யாரும் கத்தியை எடுக்க முடியாது.

1938 ஆகஸ்ட் 26 அன்று பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஏழரை வயதுச் சிறுமி ஒருத்தியின் டக்டஸைக் கட்டினார். பிழைத்தாள். அடுத்த ஆண்டு கிராஸும் ஜான் ஹப்பர்டும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையில், இந்தத் துணிச்சலுக்கு நியாயம் சொல்லும் இடத்தில் வருவது அபட்டின் கணக்கு: டக்டஸ் மூடாமல் இருந்து பிரேதப் பரிசோதனைக்கு வந்த 92 பேர், இறந்தபோது சராசரி வயது 24; அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேரைக் கொன்றது அந்த இடத்தில் பற்றிய கிருமித் தொற்று. பெனிசிலின் மருத்துவமனைக்கு வராத காலம். அந்தத் தொற்று வந்தால் போனதுதான்.

இந்த 24 என்ற எண்ணில் அப்போதே ஒரு சாய்வு இருந்தது. டக்டஸோடு அறுபது வரை வாழ்ந்தவர்கள் அந்த 92க்குள் குறைவாகவே வந்திருப்பார்கள். ஆக உண்மை நிலவரம் சற்று மிதமானது. ஆனாலும் எடுத்த முடிவு சரிதான் என்று பின்வந்த ஆண்டுகள் காட்டின. கோணலான படியால் நிறுத்தும் சரியான பக்கம் தட்டு சாய்ந்தது. புள்ளிவிவரம் கற்பிக்கிறவர்கள் இந்த எடுத்துக்காட்டை வகுப்பில் வைத்தால் மாணவர்கள் தூங்க மாட்டார்கள்.

1928இல் அமெரிக்க இதய இதழில் அபட் எழுதிய இன்னொரு கட்டுரையும் இதே வகை. பெருந்தமனி ஓரிடத்தில் இறுகிச் சுருங்கிப்போகும் குறை. பிரேதப் பரிசோதனையில் பதிவான 200 பேர். கைகளில் இரத்த அழுத்தம் எகிறும், கால்களில் நாடி மெலியும். 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு சுருங்கிய பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைத்துத் தைத்துக் காட்டினார். அதைப் பார்க்க அபட் இல்லை.

பெயரிடுவதிலும் அவருக்கு ஒரு கை இருந்தது. இடைச்சுவரில் துளை, நுரையீரல் தமனியின் வாயில் குறுக்கம், பெருந்தமனி இடம் நகர்ந்து துளைக்கு மேல் உட்கார்ந்திருப்பது, வலது கீழறை தடித்திருப்பது என நான்கும் சேர்ந்த குறையை மார்செயில் நகரத்து எத்தியென் ஃபாலோ 1888இல் விரிவாக எழுதினார். அவருக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் பார்த்திருந்தார். ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்று இன்று நம் ஊர்க் குழந்தைகள் மருத்துவமனையிலும் கோப்பின் மேல் எழுதுகிற பெயரை ஆங்கிலத்தில் நிலைநாட்டியவர் அபட் என்கிறார்கள். 1924இல் டாசன் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அது வருகிறது. பிறவி இதயக் குறைகளைப் படுக்கையருகே நின்று பிரிக்க ஒரு வழி சொன்ன கட்டுரை அது: நீலமே பாரிக்காதவை, பிந்தி நீலம் பாரிப்பவை, பிறந்தது முதலே நீலமானவை. அதுவரை சவக்கிடங்கில்தான் வகை பிரிக்க முடிந்தது. உதட்டின் நிறத்தைப் பார்த்து உள்ளே இரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று யூகிக்கும் முறை உயிரோடிருக்கிறவருக்குப் பயன்படும்.

இவ்வளவுக்கும் கிடைத்த நாற்காலி? 1910இல் மெக்கில் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்து நோய்க்கூறியல் விரிவுரையாளராக்கியது. பெண்களை மருத்துவ மாணவர்களாகச் சேர்க்க அது முன்வந்தது அதற்கும் எட்டு ஆண்டு கழித்து. 1923இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி பேராசிரியர் பதவி தந்தது. இரண்டாண்டு இருந்துவிட்டு மெக்கிலுக்கே திரும்பினார், உதவிப் பேராசிரியராக. 1936இல் ஓய்வு பெறும்போதும் உதவிப் பேராசிரியர்தான். தொகுப்பு வெளியான ஆண்டும் அதுவே. அக்கா ஆலிஸுக்கு நீண்டகால மனநோய்; அவரைக் கவனிக்கும் பொறுப்பும் வாழ்நாள் முழுக்க அபட்டுடையது. கட்டுரைப் பட்டியலில் அதற்கு வரி கிடையாது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது பட்டியலின் இன்னொரு பகுதி. ஆஸ்லர் 1919 டிசம்பரில் இறந்தபின் அவருக்கான நினைவு மலரைத் தொகுக்கும் வேலையை அபட் எடுத்துக்கொண்டார். மருத்துவ அருங்காட்சியகங்களின் பன்னாட்டுச் சங்கத்தின் இதழை அவர்தான் பல்லாண்டு நடத்திவந்தார். அதன் ஒன்பதாம் இதழாக, பெரிய நூலாக, 1926இல் மலர் வெளிவந்தது. அதோடு விடவில்லை. ஆஸ்லர் எழுதிய அனைத்தையும் பொருள் வாரியாகப் பிரித்துக் குறிப்புரையோடு பட்டியலிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1939இல் வந்தது. ஒரு பெரிய மனிதரின் கட்டுரைப் பட்டியலைச் சீர்செய்வதில் இவ்வளவு காலம் போனதே, அதற்குள் இதயப் பாடநூலை எழுதி முடித்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. குடுவைகளுக்கு எண் போட்டதும் இதயங்களுக்குக் கட்டம் போட்டதும் ஆசிரியரின் எழுத்துகளுக்குப் பட்டியல் போட்டதும் அவருக்கு ஒரே வேலைதான் போலும்.

மெக்சிகோ நகரின் தேசிய இதயவியல் நிறுவனத்துக்காக டியகோ ரிவேரா இதய மருத்துவத்தின் வரலாற்றைச் சுவரோவியமாகத் தீட்டினார். நூற்றாண்டுகளின் மேதைகள் அடுக்கடுக்காக நிற்கும் அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் மோட் அபட்.

அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டவர் பால்டிமோரின் ஹெலன் டாசிக். அபட்டின் எழுத்துகளில் பாடம் படித்தவர். ஆனால் டாசிக்கின் பொருள் குடுவையில் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காரும் நீலக் குழந்தைகள் அவருடைய வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார்கள். நுரையீரலுக்கு இரத்தம் போதாததுதான் இவர்களுடைய பிரச்சினை என்றால், வேறொரு தமனியைத் திருப்பிவிட்டு இரத்தம் கொண்டுபோகலாமே என்று அவர் கேட்டார். 1944 நவம்பர் 29 அன்று ஆல்ஃபிரெட் பிளலாக் அதைச் செய்தார். நாய்களில் பலமுறை செய்து பழகி, அன்று பிளலாக்கின் தோளருகே நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வகப் பணியாளர். 1945 மே மாதம் வெளியான கட்டுரையின் தலைப்பில் இரண்டு பெயர்கள், தாமஸ் இல்லை. டாசிக்கிடம் பயின்றவர்களில் ஒருவர் எஸ். பத்மாவதி, பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் அங்கிருந்து தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்து, பின்னர் தில்லியில் இந்திய இதய மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானவர்.

1940இல் கார்னகி நிதியம் அபட்டுக்கு 2,500 டாலர் ஒதுக்கியது. ஆயிரம் இதயங்களையும் அடிப்படையாக வைத்து முழுமையான பாடநூல் ஒன்றை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு கோடையில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, செப்டம்பர் 2 அன்று மான்ட்ரியலில் இறந்தார். பிறவி இதயக் குறைகளுக்கான அந்தப் பாடநூல் 1947இல் வந்தது. அட்டையில் டாசிக்கின் பெயர்.